பென்சில் கம்பெனிக் கரை

அக்டோபர் 5, வியாழன்

இரத்த அழுத்தக் கருவியை என் கையிலிருந்து கழற்றிக்கொண்டே, யார் மேல் இவ்வளவு கோபம் என்று டாக்டர் கேட்டார். பெயர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். வெளியே இன்னும் நோயாளிகள் காத்திருப்பதாகச் சொல்லி நிறுத்திவிட்டார். மாத்திரையோடு ஒரு யோசனையும் தந்தார். கத்தத் தோன்றும்போது கத்தாமல் எழுத வேண்டுமாம்.

எழுதுகிறேன். என் பெயர் அமலோற்பவம். ஞானஸ்நானத் தொட்டியில் கிடந்த எனக்கு அன்று பேச்சு வரவில்லை, வந்திருந்தால் ஆட்சேபித்திருப்பேன். கம்பெனியில் அமலா. சிவகங்கைச் சீமையில் கொன்றையேந்தல் கிராபைட் சுரங்கத்துக்கு நான் சுற்றுச்சூழல் அலுவலர். மற்றவர்கள் தோண்டி முடித்த பிறகு, பார்த்துத் தோண்டியிருக்கலாமே என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவள்.

ஊரில் எங்களுக்குப் பென்சில் கம்பெனி என்று பெயர். இதுவரை ஒரு பென்சில்கூடச் செய்ததில்லை. பாறையை உடைத்து அரைத்துத் தண்ணீரில் கலக்கி நுரைக்க விட்டால் கரி நுரையோடு மேலே வரும். அதை வழித்து உலர்த்தி மூட்டை கட்டுகிறோம். மிச்சச் சேறு கழிவுக்குட்டைக்குப் போகிறது. குட்டைக்கு ஒரு மண்கரை. கரைக்கு நேர் கீழே ஊர்க் கண்மாய். இந்த ஏற்பாட்டை யோசித்த மகானைச் சந்திக்க எனக்கு வெகுநாளாக ஆசை.

இன்றைய அழுத்தத்துக்குக் காரணம், மேலாளர் ராமபத்திரன் கூட்டிய கூட்டம். ஜெர்மனியில் ஒரு பேட்டரி கம்பெனி எங்கள் கரியை வாங்க யோசிக்கிறது. மின்சாரக் காருக்குப் பேட்டரி, பேட்டரிக்குக் கிராபைட். ஆனால் அவர்களுக்குக் கரி சுத்தமாக இருந்தால் போதாது, தோண்டுகிற கையும் சுத்தமாக இருக்க வேண்டும். பொறுப்பான சுரங்கம் என்று சான்று வேண்டும். அதற்கு வேபர் என்ற ஒரு அம்மையார் ஆய்வுக்கு வருகிறார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கென்ன? ஓமனில் அக்கா வீட்டுக்காரர் எனக்கு வேலை தேடிக்கொண்டிருக்கிறார். அது வந்தால் இந்தக் கரித்தூளை உதறிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அக்டோபர் 9, திங்கள்

லாரியில் மரக்கன்றுகள் வந்து இறங்கின. எல்லாம் என்னைவிட உயரம். பிளாஸ்டிக் பையைக் கிழிக்க நேரமில்லாமல் பையோடு குழியில் இறக்கி மண்ணைத் தள்ளுகிறார்கள். வேர் பிடிக்காதே என்றேன். ஆய்வு முடிகிறவரை நின்றால் போதும் என்றார் ராமபத்திரன். வாசலில் பேனர்: 'பொறுப்பான சுரங்கம், நிலைத்த வளர்சி'. ஒரு எழுத்து விழுந்துவிட்டது. எங்கள் வளர்ச்சியில் ஏதாவது ஒன்று குறைவது வழக்கம்தான் என்று விட்டுவிட்டேன்.

மூட்டை கட்டும் கொட்டகைப் பெண்களுக்குப் புது முகக்கவசம் கொடுத்தார்கள். இத்தனை வருடமாகச் சேலைத் தலைப்புதான் அவர்களுக்கு முகக்கவசம். ஆய்வு முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று ஸ்டோர்காரர் சொன்னார். இருளாயி, கன்னமெல்லாம் கரி மினுங்க, அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"மூக்கையும் சேத்துத் திருப்பிக் குடுக்கணுமா சார்?"

முகக்கவசம் அவர்களுக்கே, மாதாமாதம் புதிதும் தர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல மனசெல்லாம் இல்லை. ஸ்டோர்காரர் மூஞ்சி எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் பஞ்சாயத்துத் தலைவர் பஞ்சவர்ணம் வந்தார். முந்தின தேர்தலில் கணவர் நின்று தோற்றார். இந்த முறை இவர் நின்று ஜெயித்தார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வேப்பமரத்தடியில் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார். பஞ்சவர்ணம் நாற்காலியை என் மேஜைக்கு மிக அருகே இழுத்துப் போட்டுக்கொண்டுதான் பேசுவார். மழைக்கு முன்னால் குட்டைக் கரையை உயர்த்த வேண்டும், சேறு கண்மாய்க்குள் வந்தால் வயலில் நெல்லுக்குப் பதில் பென்சில்தான் விளையும் என்றார். நிர்வாகத்தின் பரிசீலனையில் இருக்கிறது என்றேன்.

"நிர்வாகமுனா யாருத்தா? ஒரு தடவ கண்ணுல காட்டு. கும்புட்டுட்டுப் போறேன்."

காட்ட முடியவில்லை. நானே பார்த்ததில்லை. முதலாளிகள் சென்னையில் இருக்கிறார்கள். கரையை உயர்த்தச் சொல்லி ஆனியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த காலாண்டு என்கிறார்கள். எங்கள் கம்பெனியில் காலாண்டு என்பது கால அளவு இல்லை, ஒருவித மறுமை.

இதையெல்லாம் பஞ்சவர்ணத்திடம் சொல்லவில்லை. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்லிவிட்டுக் குடித்தார்.

அக்டோபர் 10, செவ்வாய்

உப்பைக் குறைத்துவிட்டேன். ராமபத்திரனைக் குறைக்க வழியில்லை.

அக்டோபர் 14, சனி

பொக்லைன் ஓட்டும் பாலகுருவை அழைத்துக்கொண்டு குட்டைக் கரையைச் சுற்றி நடந்தேன். பாலகுரு நீலச் சட்டை போட்டிருந்தார். (இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்தால் பக்கம் அசிங்கமாகும்.)

கண்மாய்ப் பக்கம், கரையின் அடிவாரத்தில், கோரை பச்சையாக முளைத்திருக்கிறது. சுற்றிலும் கருவேலமே காய்ந்து நிற்கும்போது இங்கே மட்டும் பச்சை. கையை வைத்தால் ஈரம். விரலில் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. தெளிவாகக் கசிகிறவரை தாங்கும். கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம்.

ராமபத்திரனிடம் போனேன். பொக்லைனையும் ஆட்களையும் கொடுங்கள், அடியில் கல்லும் மண்ணும் சேர்த்து அணை கொடுக்கிறேன் என்றேன். பொக்லைன், அலுவலகத்துக்கு முன்னால் புல்தரைக்கு மண் சமப்படுத்த வேண்டும் என்றார். கத்தினேன். (டாக்டர் மன்னிக்க.) அவர் திருப்பிக் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"சீனாக்காரன் விலைக்கு நம்மால விக்க முடியாது அமலா. போன வருஷமே பூட்டறதா இருந்தாங்க. நான்தான் கால்ல விழாத குறையா தள்ளிப்போட்டேன். இந்த ஒப்பந்தம் வரலைன்னா சித்திரைக்குள்ள பூட்டு. நான் ரிட்டயர் ஆயிடுவேன், நீங்க மஸ்கட் போயிடுவீங்க. கொட்டகையில இருக்கிறவங்க எங்க போவாங்க?"

ஓமன் விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்? ஸ்டோர்காரர்தான். அந்த மூஞ்சியை எனக்கு முதலிலேயே பிடிக்கவில்லை.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. கல் உடைக்கும் இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பொக்லைன் கைக்குச் செவ்வந்தி மாலை. என் மேஜையிலிருந்த தண்ணீர் சோதிக்கும் கருவிக்கும் யாரோ பொட்டு வைத்திருந்தார்கள், கண்ணாடிக்கு நடுவிலேயே. நான் வேதக்காரி என்பதால் எனக்கு மட்டும் பொரியில் கூடுதல் பங்கு. இந்த மதநல்லிணக்கத்தை நான் ஆதரிக்கிறேன்.

பூசணி உடைக்கும்போது மழை தொடங்கியது. எல்லாரும் நல்ல சகுனம் என்றார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். கரையின் அடிவாரத்தில் யாரோ கல்லும் மண்ணும் கொட்டி, வண்டிச் சக்கரத்தால் நன்றாக அழுத்தியிருந்தார்கள், பாதித் தூரத்துக்கு. பாலகுருவைக் கேட்டேன். புல்தரைக்கு வந்த மண்ணில் கொஞ்சம் வழிதவறி இங்கே வந்துவிட்டதாகச் சொன்னார். மீதிப் பாதிக்கு டீசல் கொடுக்கவில்லையாம். குடையை அவர் பக்கமும் சாய்த்துப் பிடித்தேன். மழை.

அக்டோபர் 26, வியாழன்

இந்த நாளுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் இரத்த அழுத்தம் தாங்கலாம்.

காரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஆறடி வெள்ளைக்கார இளைஞன் ஒருவன், ஐம்பது வயதுள்ள, நம் நிறத்தில், பருத்திச் சட்டை போட்ட அம்மா ஒருவர். வேபர் அம்மையார் வரவில்லை, மகனை அனுப்பியிருக்கிறார் போல என்று ராமபத்திரன் தானே முடிவு செய்து, எம்பி அவன் கழுத்தில் ரோஜா மாலையைப் போட்டார். நாதஸ்வரம் தொடங்கியது. பிறகு என் பக்கம் திரும்பி, மொழிபெயர்க்கிற அம்மாவை உள்ளே உட்கார வைத்துக் காபி கொடுங்கள், சுற்றிப் பார்க்க வந்து தொணதொணக்கப்போகிறது என்றார்.

அந்த அம்மா சிரித்தார்.

"நான்தான் தாரணி வேபர். மாலையை விடுங்கோ, பிள்ளைக்கு வடிவாக் கிடக்கு. அவர் படம் எடுக்க வந்தவர். நீங்கள் கதைக்கிறது எனக்கு எல்லாம் விளங்கும்."

யாழ்ப்பாணம். சிறுவயதிலேயே ஜெர்மனிக்குப் போய், வேபர் என்பவரைக் கட்டியிருக்கிறார். ராமபத்திரன் முகத்தில் அடுத்த சில நொடிகளில் என்னென்னவோ ஓடின. இரண்டு வாரமாகப் பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து வரவழைத்துப் பயிற்சி கொடுத்த மொழிபெயர்ப்பாளரைப் பின்வாசல் வழியாக அனுப்பிவைத்தோம்.

அக்டோபர் 27, வெள்ளி

காற்று. தாரணி அம்மாவின் கண்ணெதிரே ஒரு புங்கன் சாய்ந்தது. கீழே பிளாஸ்டிக் பை, அதில் மதுரை நர்சரியின் விலாசம். அவர் குனிந்து விலாசத்தை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நடந்தார். ஆய்வுக்கு வருகிறவர்கள் திட்டிவிட்டால் நல்லது. பேசாமல் நடப்பவர்கள் ஆபத்தானவர்கள்.

பிறகு கொட்டகையில் கூட்டம். பஞ்சவர்ணம் கம்பெனியைக் கிழிப்பார் என்று ராமபத்திரன் நடுங்கிக்கொண்டிருந்தார். அவர் கிழிக்கவில்லை. கம்பெனி இருக்க வேண்டும், ஊரில் பாதி வீட்டில் உலை அதனால்தான் கொதிக்கிறது, ஆனால் கண்மாயும் இருக்க வேண்டும், மீதி வீட்டு உலை அதில் இருக்கிறது என்றார். தாரணி அம்மா என்னிடம் திரும்பினார். கரை பாதுகாப்பானதா?

ராமபத்திரன் இருமினார். ஸ்டோர்காரரும் சேர்ந்து இருமினார்.

மழை இல்லாத வரை பாதுகாப்பானது என்றேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அக்டோபர் 28, சனி

விடாத மழை. என்னோடு யாரும் பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

அக்டோபர் 30, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் விரல் மடங்க மறுக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பஞ்சவர்ணம் போன் செய்தார். கோரை முளைத்த இடத்தில் தண்ணீர் காபி நிறத்தில் வருகிறது என்றார். பூசைச் சேலையோடு வண்டியை எடுத்தேன்.

பாலகுரு அணை கொடுத்த பாதி அப்படியே இருந்தது. கொடுக்காத பாதியில், கை நுழையும் அளவுக்குத் துளை. அதிலிருந்து கலங்கல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மேலே குட்டை, கரை விளிம்புக்குச் சற்றுக் கீழே கறுப்பாகத் தளும்பிக்கொண்டு நின்றது. கீழே கண்மாய், அதற்கப்பால் முளைவிட்டு நிற்கும் வயல்கள். ஊர்க்காரர்கள் சாக்கில் மண் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்க அடுக்கச் சேறு புது வழி பார்த்தது. குட்டையிலிருக்கும் தண்ணீரின் பாரத்தைக் குறைத்தால் ஒழியக் கரை நிற்காது.

தண்ணீரை எங்கே விடுவது? வழி இரண்டுதான். ஒன்று, கண்மாய்க்குப் போகும் ஓடை. கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் யாருக்கும் தெரியாது என்று ஸ்டோர்காரர் சொன்னார். தாரணி அம்மா அவருக்குப் பின்னாலேயே குடையோடு நின்றார். இன்னொன்று, வடக்குப் பக்கம் கரையை வெட்டி எங்கள் சுரங்கக் குழிக்குள்ளேயே இறக்குவது. கரி எடுக்கும் முகமெல்லாம் சேற்றுக்குள் போய்விடும். கோடை வரை ஒரு கல்லும் எடுக்க முடியாது. ஜெர்மனி ஒப்பந்தம் அதோடு சரி.

ராமபத்திரன் சென்னைக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நிர்வாகம் எடுக்கவில்லை. தாரணி அம்மாவைப் பார்த்தார், ஏதாவது சொல்லுங்களேன் என்பது போல.

"நான் பாக்க வந்த ஆள். சொல்லுற ஆள் நான் இல்லை," என்றார் அவர்.

பாலகுரு பொக்லைனை வடக்குக் கரையில் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் தலையை வெளியே நீட்டினார்.

"மேடம், யாராச்சும் ஒருத்தர் சொல்லணும். நானா வெட்டுனா அது குத்தம்."

ராமபத்திரன் மறுபடி சென்னைக்குப் போன் அடித்தார். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து நான் ஆலோசனை மட்டுமே சொல்லிவந்திருக்கிறேன். ஆலோசனை சொல்வது சுகமான வேலை. கேட்காவிட்டால் கோபப்படலாம், கேட்டு ஏதாவது ஆனால் அவர்கள் பொறுப்பு.

"வெட்டுங்க," என்றேன்.

ராமபத்திரன் பொக்லைனுக்கு முன்னால் வந்து நின்றார். செருப்பு சேற்றில் மாட்டி, ஒரு காலில் மட்டும் செருப்பு.

"எத்தன குடும்பம்னு தெரியுமா அமலா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"ஆமா சார்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடி முழுக்க மழை, கண் தெரியவில்லை. பிறகு திரும்பி, ஒற்றைச் செருப்போடு குழியின் சரிவில் ஓடினார். கீழே, குழித் தண்ணீரை இறைக்கும் பம்புக்குப் பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை மேலே ஏறச் சொல்லிக் கத்தினார். சங்கிலி போட்டுப் பம்பை இழுக்க அவரே கை கொடுத்தார். அந்த மனிதருக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் மேலே வந்தபின் பாலகுருவைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

பொக்லைன் கரையைக் கொத்தியது. முதலில் வாய்க்கால் அளவு, பிறகு தானே அகலித்துக்கொண்டு, மினுமினுவென்று கறுப்பாக ஒரு அருவி குழிக்குள் இறங்கியது. அழகாக இருந்தது என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது. படம் எடுக்க வந்த பையன் கேமராவை வைத்துவிட்டுச் சாக்கு தூக்கிக்கொண்டிருந்தான்.

மத்தியானத்துக்குள் குட்டை பாதி இறங்கியது. கண்மாய்ப் பக்கத்துத் தெற்குக் கரை ஓர் இடத்தில் சரிந்து, சாக்குகளின்மேல் உட்கார்ந்து, அப்படியே நின்றுவிட்டது. கண்மாய்க்குள் சேறு போகவில்லை. பஞ்சவர்ணம் கரைமேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். எனக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பூசைச் சேலை போச்சே என்றார்.

நவம்பர் 1, புதன்

காலையில் சென்னையிலிருந்து போன். நிர்வாகத்துக்குக் குரல் இருக்கிறது, நல்ல கனமான குரல். அனுமதியின்றிச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்காக என்னைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறார்கள். பொக்லைனையும் நிறுத்திவிட்டார்கள். பாலகுருவுக்கு வேலை இல்லை.

மத்தியானம் கிராம சபை. பஞ்சவர்ணம் என்னை வரச் சொல்லியிருந்தார். மாலை மரியாதை நடக்கும் என்று நினைத்தேனோ என்னவோ, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். வயல்காரர்கள் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். கண்மாய் பொழைத்தது உங்களால்தான் என்று ஒருவர் பேசத் தொடங்கினார். அப்போது பின்னாலிருந்து இருளாயி எழுந்தாள். கொட்டகைப் பெண்கள் மொத்தமும் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குழி மூழ்கியதால் கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள்.

"கண்மாய் பொழச்சுச்சு. சந்தோசம். அதுல வெளையிற நெல்லு யாரு நெல்லு? எனக்கு ஒரு குழி நெலம் கெடையாது. எனக்கு இருந்தது அந்தக் கொட்டகதான். அத முக்கிட்டு, இப்ப மால போடுறீங்களா?"

வயல்காரர்கள் சத்தம் போட்டார்கள். பஞ்சவர்ணம் அவர்களை அடக்கினார், இருளாயியை அடக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். மாலையை வாங்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். மழையில் அணைந்தது. மறுபடி ஏற்றினேன்.

ஓமனிலிருந்து வேலை உத்தரவு வந்துவிட்டது. அக்கா அழுதுகொண்டே சந்தோஷப்பட்டாள். நானும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

நவம்பர் 3, வெள்ளி

சந்தோஷமாக இருக்கிறேன் என்று நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கிறது.

ஊர்க் கிணறுகளில் தண்ணீர் எடுத்து வந்து சோதித்தேன். குழியிலிருந்து கசிவு இறங்குகிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமே. இடைநீக்கத்தில் இருப்பவள் இதைச் செய்யலாமா என்று தெரியவில்லை. வீட்டில் சும்மா இருந்தால் அழுத்தம் ஏறும். இதுவரை தண்ணீர் நன்றாக இருக்கிறது. பாலகுரு வாளி பிடித்தார். வேலை போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 9, வியாழன்

ராமபத்திரன் வீட்டுக்கு வந்தார். கையில் தீபாவளி முறுக்கு டப்பா. சம்சாரம் சுட்டதாம். உட்காரச் சொன்னேன்.

தாரணி அம்மாவின் அறிக்கை வந்துவிட்டது. சான்று இல்லை. மரம் பொய், புல்தரை பொய், முகக்கவசம் பாதிப் பொய், கரை ஆபத்து. எல்லாவற்றையும் பிளந்து வைத்திருக்கிறார். ஆனால் ஓர் இடத்தில், ஊரைக் காப்பாற்றத் தன் குழியையே மூழ்கடித்த சுரங்கத்தைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றும் எழுதியிருக்கிறார். அதை வைத்து ஜெர்மனிக்காரர்கள், புது இடத்தில் புதுக் குட்டை கட்டி முடித்தால் கோடையில் மறுபடி வந்து பார்க்கிறோம், முன்பணமாகக் கொஞ்சம் உதவவும் செய்கிறோம் என்கிறார்களாம். சென்னைக்கு நாக்கில் தேன், என் இடைநீக்கமும் ரத்தாம்.

"அந்த அறிக்கையில நம்மளப் பத்தி இருக்கிற ஒரே நல்ல விஷயம் நீங்கதான். உங்கள நீக்கிட்டா காட்டறதுக்கு ஒண்ணுமே இல்லை," என்றார் ராமபத்திரன். அதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்தவர் போல, சொன்னதும் முறுக்கு டப்பாவை அவரே திறந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்.

ஓமன் உத்தரவைக் காட்டினேன். வாசித்தார். நல்ல சம்பளம், போங்கள் என்றார். மனதாரத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல்.

புதுக் குட்டையை எங்கே கட்டப்போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன இடம் தப்பு. அலுவலகத்துக்குப் பின்மேடு, கண்மாய்க்கு எதிர்ச்சரிவு, அங்கேதான் கட்ட வேண்டும் என்றேன். அங்கே மேலாளர் பங்களா இருக்கிறதே என்றார். ஆமாம், இருக்கிறது என்றேன். முறுக்கைக் கடிக்காமல் சற்று நேரம் கையில் வைத்திருந்தார்.

கட்டுமான வேலைக்கு வெளியூர் ஒப்பந்தக்காரர் வேண்டாம், மூடிக்கிடக்கும் கொட்டகையின் ஆட்களை, பெண்களைத்தான் முதலில் எடுக்க வேண்டும், பழைய கூலிக்குக் குறையாமல், என்றேன். பாலகுருவின் பொக்லைன் திரும்ப வர வேண்டும். கரை விஷயத்தில் நிறுத்து என்று நான் சொன்னால் நிறுத்த வேண்டும், சென்னை போனை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். அதைப் பஞ்சாயத்துத் தலைவர் முன்னால் சொல்ல வேண்டும்.

"போறேன்னு சொன்னீங்களே," என்றார்.

போகத்தான் போகிறேன். இடத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறேன்.

நவம்பர் 12, ஞாயிறு

கிளம்பும் தேதியைத் தள்ளிப்போட்டதால் அக்கா பேசவில்லை. அவள் வீட்டுக்காரர் பேசினார், அதிகமாகவே. தீபாவளிக்குப் பஞ்சவர்ணம் வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. அவர் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நீங்கள் இருக்கிறீர்களா போகிறீர்களா என்று கேட்டு வரச் சொன்னார்கள் என்றார். அதிரசம் நன்றாக இருக்கிறது என்று போய்ச் சொல்லுங்கள் என்றேன்.

டிசம்பர் 14, வியாழன்

பங்களாவை இடித்தார்கள். ராமபத்திரன் நின்று பார்த்தார். ஊருக்குள் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறதாம், அதைச் சரிசெய்யச் சொல்லிப் பஞ்சவர்ணத்திடம் மனு கொடுத்திருக்கிறார். நிர்வாகத்தின் பரிசீலனையில் இருக்கிறது என்று பஞ்சவர்ணம் சொல்லியிருக்கிறார். இந்தப் பதிலை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் முடிந்து வேலை மறுபடி சூடு பிடித்திருக்கிறது. புதுக் கரை இடுப்பளவுக்கு வந்துவிட்டது. நடுவில் களிமண் சுவர், இரண்டு பக்கமும் செம்மண், வெளியே கல். ரோலர் ஏறி அழுத்துகிறது. குழாய் வரும் மூலையில் மட்டும் ரோலர் திரும்ப இடமில்லை. அங்கே களிமண்ணைக் காலால் மிதித்துத்தான் இறுக்க வேண்டும். கரை உடைவதாக இருந்தால் இப்படிப்பட்ட மூலையில்தான் உடையும்.

அந்த வேலையில் இருளாயியும் கொட்டகைப் பெண்களும். வேலை தொடங்கிய நாளிலிருந்து அவள் என்னோடு பேசியதில்லை. கூலி வாங்குவாள், போவாள். நான் மேட்டில் நின்று, இங்கே ஈரம் போதவில்லை, அங்கே இன்னும் மிதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நிழலுக்கு ஒரு குடை. அவள் நிமிர்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இந்தக் கர நிக்குமா?"

"நல்லா மிதிச்சா நிக்கும்."

"உடைஞ்சா யாரு தலயில விடியும்?"

இந்தச் சரிவுக்குக் கீழே இருக்கிறவர்கள் தலையில், கொட்டகைக்காரர்கள் தலையில், என் தலையில். மூன்றையும் சொன்னேன்.

"அப்ப என்னத்துக்கு மேல நிக்கிற? எறங்கி மிதி."

பெண்கள் சிரித்தார்கள். பாலகுரு பொக்லைனை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ராமபத்திரன் வேறு பக்கம் பார்த்தார். குடையை மடக்கிச் செருப்பின் மேல் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். களிமண் குளிர்ச்சியாக இருந்தது. கணுக்கால்வரை இழுத்தது. இருளாயி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் மிதிக்கும் விதம் சரியில்லை என்றாள், குதிகாலை ஊன்ற வேண்டுமாம். ஊன்றினேன். சாயங்காலம் வரை என்னை ஏறவிடவில்லை.